பதினெட்டும் பதினொரு நாளும்

பதினெட்டு வயதும் பதினொரு நாளும்
என்று பொலிஸ் புத்தகத்தில் எழுதியிருந்தார்கள்.
பன்னிரண்டு நாள் முந்தி எடுத்திருந்தால்
அதே போனை,
அதே மருதானைச் சந்தியில்,
ஸஜ்ஜாத் என் பிள்ளை.

என் பிள்ளை என்றால் என் கோப்பு.
நன்னடத்தைக் காரியாலயத்தில்
நாங்கள் அப்படித்தான் பேசுவோம்:
உன் பிள்ளை மறுபடி ஓடிவிட்டது,
என் பிள்ளைக்கு டைபொயிட்.

இரண்டு வருடக் கோப்பு.
முதல் பக்கத்தில் ஒரு த்ரீவீல் பற்றரி.
பிறகு இழுப்பு, ஆஸ்பத்திரித் துண்டு,
பள்ளிக்கூடம் விட்ட திகதி,
மாளிகாவத்தை மாடிவீட்டில்
உம்மாவின் தங்கச்சி சொன்னது,
வெல்டிங் படிக்கப் போன எட்டாம் நாள்
கண்ணாடி போடாமல் பார்த்துக்
கண் வீங்கியது.
கடைசிப் பக்கத்தில் நானே எழுதினேன்:
வயது பூர்த்தி. கோப்பு மூடப்பட்டது.
சிவப்பு நூலை இறுக்கிக் கட்டினேன்.
எத்தனை கோப்பு கட்டியிருப்பேன்,
ஒருநாளும் கை நடுங்கியதில்லை.

மேலதிகாரி நல்லவர்.
"இனிப் பெரியவர்களின் வழக்கு, சுலோஜனா.
அங்கே எங்களுக்குக் கதிரை இல்லை."
அரைநாள் லீவு போட்டேன்.
காரணம் என்ற இடத்தில்
பல்வலி.

புதுக்கடையில் காலை எட்டரைக்கே
கறுப்புக் கோட்டுகளும் கச்சான்காரனும்.
சிறைச்சாலை பஸ்ஸின் கம்பி வலைக்குள்
விரல்கள் மட்டும் தெரிந்தன.
அவனுடையது எதுவென்று தேடினேன்.
நகம் கடித்துத் தீர்ந்த விரல்.

சிறுவர் நீதிமன்றத்தில்
நீதவான் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்.
சாப்பிட்டாயா என்று ஒருமுறை கேட்டார்.
இல்லை என்றான்.
வழக்கு நின்றது, மாலு பணிஸ் வந்தது.
இங்கே அவன் நாற்பத்தொன்று.
இரும்புக் கூட்டுக்குள் முப்பது பேர்.
தாடி நரைத்த ஒருவன்
சுவரோரம் நகர்ந்து இவனுக்கு இடம் விட்டான்.
அந்த நகர்வை எழுதிவைக்க
யாரிடமும் கோப்பு இல்லை.

நான் கொண்டுபோனது ஒரே தாள்.
இரவு குசினி மேசையில் எழுதியது.
இலவசச் சட்ட உதவிக்கு வந்த
இளம் சட்டத்தரணியிடம் நீட்டினேன்:

இவனுக்கு இழுப்பு. பம்ப் இவன் பையில் இருக்க வேண்டும்,
உங்கள் லாச்சியில் அல்ல.
சிங்களம் பேசுவான், வாசிக்கமாட்டான்.
கையெழுத்துப் போடச் சொன்னால் போடுவான்.
சத்தமாகக் கேட்டால்
எல்லாவற்றுக்கும் ஓம் என்பான்.
மெதுவாகக் கேளுங்கள்.
இரண்டாம் தரமும் கேளுங்கள்.

"இது எந்தப் பாரத்தில் வரும், மிஸ்?"
எந்தப் பாரத்திலும் வராது என்றேன்.
மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

நாற்பத்தொன்று.
சின்ன ஸ்டேஷனைக் கடுகதி ரயில் கடப்பதுபோல்
குற்றச்சாட்டு அவனைக் கடந்து போனது.
விளங்கியதா என்று கேட்டார்கள்,
சத்தமாகத்தான்.
அவன் வாய் ஓம் என்று குவிவதைக் கண்டேன்.
பிறகு அவன் என்னைக் கண்டான்.
நான் ஒன்றும் செய்யவில்லை.
உள்ளங்கையை மடியில் அழுத்தி எடுத்தேன்,
இழுப்பு வரும்போது எண்ணச் சொன்ன மாதிரி,
ஒன்று,
இரண்டு.
"வெளங்கல்ல," என்றான்.
"தமிழ்ல சொல்லுங்க."

மொழிபெயர்ப்பாளர் அன்றைக்கு லீவு.
அவருக்கும் பல்வலியோ என்னவோ.
பதினான்கு நாள் தள்ளிப் போட்டார்கள்.
வென்றோமா, எனக்குத் தெரியவில்லை.
விளங்கவில்லை என்ற ஒரு சொல்லுக்கு
விளக்கமறியலில் பதினான்கு இரவு.

இறங்கும்போது கேட்டான்,
"மிஸ், நீங்க இன்னும் என்ட மிஸ்ஸா?"
பொலிஸ்காரர் கதவைத் தள்ளினார்.
ஓம் என்றேன்,
சத்தமாகத்தான்.
கேட்டதோ என்னவோ.

155 பஸ்ஸில் நின்றபடி நாட்களை எண்ணினேன்.
பதினான்காவது வியாழக்கிழமை வருகிறது.
காரணம் என்ற இடத்தில்
இந்தமுறை என்ன எழுதுவது?
பல் இன்னும்
முப்பத்தொன்று இருக்கிறது.